பூட்டிய அடுப்படி, காணாத கோழிகள்

கொலை நடந்தால் போலீஸ் வரும். மாடு காணாமல் போனால் ஊர்த்தலைவர் வருவார். கோழி காணாமல் போனால்தான் எங்கள் ஷிவாச்சி அண்ணன் வருவார்.

அண்ணன் ஒரு காலத்தில் போலீஸில் இருந்தவர். ஏன் வெளியே வந்தார் என்பதற்கு அவரிடம் இரண்டு மூன்று கதைகள் உண்டு. கேட்கிற ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்து விடுவார். இப்போது கயேகா சந்தையில் மாவு மில்லுக்குப் பின்னால் ஓர் அறை, ஆடுகிற மேஜை ஒன்று, ‘துப்புத் துலக்கப்படும்’ என்று அவரே எழுதி மாட்டிய பலகை. நான் லும்பாசி. வாடகைக்கு மோட்டார்பைக் ஓட்டுகிறவன். பலகையில் என் பெயர் கிடையாது. ஆனால் என் பைக் இல்லாவிட்டால் அண்ணனுடைய துப்பு மாவு மில்லைத் தாண்டாது.

அன்று காலை மழை விட்டதும் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காட்டோரம் இருக்கிற ஷிகுலுவுக்குப் போனேன். வழக்கம்போல் போலீஸ் கோட்டு, மடக்கிய குடை. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் குடை என் விலாவில் குத்தியது. கேட்டால், அது வண்டியின் தப்பு என்பார்.

எங்களை வரச்சொன்ன பெண் ஒற்றையடிப் பாதை முனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெயர் கடேன்யி. தெற்கே மரகோலிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதுகில் துணியால் கட்டிய பெண் குழந்தை, பெயர் முஹோன்ஜா, வாயில் விரலைப் போட்டபடி எங்களைப் பார்த்தது.

“அண்ணே, இன்னிக்கு மத்தியானம் குலத்துப் பெரியவங்க கூடுறாங்க. நான்தான் கோழி திருடின்னு முடிவாயிட்டா எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றாள் கடேன்யி.

“போயி நாலு நாள் நல்லா சாப்பிட்டுட்டு வா தங்கச்சி” என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“நான் போவேன். இவ வர மாட்டா.”

கையைப் பின்னால் கொண்டுபோய்க் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அப்பன் குலத்துக்குச் சொந்தம். எங்கள் பக்கத்தில் இதற்குக் கோர்ட்டும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

அவள் புருஷன் நைரோபியில் எங்கேயோ வாட்ச்மேன் வேலை. போனில் கேட்டதற்கு, அம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் என்றுவிட்டானாம். அடுத்தவன் வீட்டைக் காவல் காக்கிற மகராசனுக்குத் தன் வீட்டுக்கு அவ்வளவுதான் நேரம் கிடைத்தது.

முற்றத்தில் மாமியார் ரோடா எங்களை நிற்க வைத்தே விஷயத்தைச் சொன்னாள். வார்த்தை ஒவ்வொன்றும் கதவைச் சாத்துகிற மாதிரி விழுந்தது. கோழிகள் ராத்திரியில் அடைவது மருமகளின் அடுப்படிக் குடிசையில். கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி ஒன்றே ஒன்று, மருமகளின் கழுத்தில் கயிற்றோடு தொங்குகிறது. மழை தொடங்கிய நாளிலிருந்து சில விடியற்காலைகளில் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, கோழி மட்டும் ஒன்று குறைகிறது. சுவரில் ஓட்டை இல்லை. தரையில் ஓர் இறகு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காட்டு மிருகம் வந்தால் கூட்டி மெழுகிவிட்டா போகும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

“நம்ம ஊர்த் திருடனுக்குக்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது அத்தை” என்றேன்.

ரோடா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நான் சிரிக்கவில்லை. பேச்சுவாக்கில், தன் தலையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்படி மருமகளை அதட்டினாள். ரோடாவுக்கு இடது தோள் எழும்பாது, வருஷக்கணக்காய் வாதம். திருடி என்று சொல்கிற வாயாலேயே வேலையும் வாங்குகிறாள் பார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மாவா?

மாமனார் முகாபானே தூரத்தில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். எங்களுக்குத் தலையை மட்டும் அசைத்தார். கடேன்யி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகச் சுற்றிப் போனாள். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் வரமாட்டார்கள், பேசமாட்டார்கள். அவள் அடுப்படிப் பக்கம் அவர் நிழல்கூட விழாது. மரியாதையான வீடுதான்.

அடுப்படிக்குள் நுழைந்ததும் அண்ணன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டார். நான் வாசலில் நின்றபடி சந்தேகப்பட்டியலை எடுத்து விட்டேன். இது எங்கள் வழக்கம். நான் ஆளைச் சொல்வேன், அவர் விடுதலை செய்வார்.

“பருந்து?”

“பகல்ல வர்றவன். குஞ்சைத்தான் தூக்குவான். பூட்டுக்குள்ள அவனுக்கு என்ன வேலை?”

“மலைப்பாம்பு?”

“கோழியை முழுங்கின வயித்தோட வந்த சந்துல திரும்பிப் போக முடியாது. விடியும்போது அதுவும் உள்ள இருக்கும், வணக்கம் சொல்லிட்டு.”

“படையெறும்பு?”

“அது வந்தா எலும்பை வெள்ளையா வச்சுட்டுப் போகும். அதோட, அது வந்த ராத்திரி இந்த முற்றத்துல எல்லாரும் துணியை உதறிக்கிட்டு ஆடியிருப்பாங்க.”

“கீரி?”

“முட்டையை விட்டுட்டு அது கோழிகிட்ட போகாது. கூடையில முட்டை அப்படியே இருக்கு. வளைக்கரடியான்னு கேட்காதே. அதுக்குப் பூட்டும் தெரியாது, கதவும் தெரியாது. சுவரைப் பேர்த்துட்டு வரும்.”

பேசிக்கொண்டே அண்ணன் அடுப்பு ஓரத்திலிருந்த சாம்பலை விரலால் விலக்கினார். அடுப்பைச் சுற்றிச் சாம்பல் இருப்பது இயற்கை. ஆனால் கோழிகள் அடைகிற கழிக்கு நேர்கீழே, அடுப்பிலிருந்து தள்ளி, யாரோ கையால் தூவிய மாதிரி சாம்பல் கிடந்தது. அதன் அடியில் தரை கறுப்பாக இறுகியிருந்தது. ரத்தம் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். சாம்பல் யார் போட்டது என்று கடேன்யியைக் கேட்டார். கோழி கிளறியிருக்கும் என்று நினைத்தாளாம்.

“கோழி சீய்க்கும், தூவாது” என்றார் அண்ணன்.

பிறகு என் தோளில் ஏறி நின்றார். இதற்கு நான் தனியாகக் கூலி கேட்க வேண்டும். சுவர் முடிந்து கூரைப் புல் தொடங்குகிற இடத்தில் புகை போக ஒரு சந்து விட்டிருந்தார்கள். என் முஷ்டி நுழையும், அவ்வளவுதான். சந்து முழுக்கப் புகைக்கரி படிந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரி தேய்ந்து, போக வர உரசின மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த இரண்டு முடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நரைத்த முடி, நுனியில் கறுப்பு.

“புள்ளி மரநாய்” என்றார். “உடம்பு பூரா புள்ளி, உடம்பளவுக்கு வாலு. தலை நுழையுற இடத்துல உடம்பு நுழைஞ்சிடும். கழுத்துல ஒரே கடி. கோழிக்குக் கத்தக்கூட நேரம் இருக்காது. கத்தினாலும் படுக்கிற வீட்டுத் தகரக் கூரையில மழை பெய்யும்போது யாருக்குக் கேக்கும்?”

கடேன்யி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கேஸ் முடிந்தது, மத்தியானத்துக்கு முன் கயேகா திரும்பி ஒரு தட்டு களியும் கீரையும் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணன் இடத்தை விட்டு நகரவில்லை.

“லும்பாசி, இந்தச் சந்துல மரநாய் வரும், போகும். செத்த கோழி எப்படிப் போகும்?”

“உள்ளேயே தின்னுருக்கும்.”

“அது பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி. தலையைத் தின்னும், நெஞ்சுக் கறியைத் தின்னும், மிச்சத்தை இலையில வச்சுட்டு எழுந்து போயிடும். காலு, ரெக்கை, குடலு எல்லாம் இங்கேதான் கிடக்கணும். எங்கே?”

எனக்கும் சாப்பாட்டு ஆசை போய்விட்டது. கொன்றது ஒருவன், மறைத்தது இன்னொருவன். மறைத்தவன் கதவு வழியாக வந்து, எடுத்துக்கொண்டு, சாம்பலைத் தூவிவிட்டுப் போயிருக்கிறான். கதவு பூட்டியிருந்தது. பூட்டு துருவேறி யாரும் நெம்பின அடையாளமே இல்லாமல் இருந்தது.

இந்த மாதிரி இடத்தில் அண்ணன் அண்ணன்தான். பூட்டை விட்டுவிட்டுக் கதவின் மறுபக்கத்துக்குப் போனார். எங்கள் ஊர்க் கதவுகளுக்குக் கீல் என்றால் பழைய டயரை வெட்டி ஆணியடித்ததுதான். கீழ்க் கீலின் ஆணிகளும் மேல் கீலின் ஆணிகளும் புதுசு மாதிரி பளபளத்தன. கையால் இழுத்தார், வந்துவிட்டது. திருப்பிச் செருகினார், நின்றுகொண்டது. கதவைக் கீல் பக்கமாகத் திறந்து, மறுபடி மாட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டு பாவம், கடைசிவரை நேர்மையாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“மருமகளைத் துரத்த மாமியார் பண்ற வேலை” என்று நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணனும் அதைத்தான் நினைத்திருந்தார். பிறகு மேல் கீலைப் பார்த்தார். அது அவர் தலைக்கும் மேலே இருந்தது. குடத்தைக் கூடத் தானாக இறக்க முடியாத தோளை வைத்துக்கொண்டு ரோடா அதைக் கழற்ற முடியாது. அந்த வீட்டில் வேறு யார்? எத்தனை தரம் யோசித்தும் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும்தான் எங்கள் கணக்கில் வந்தார்கள். முகாபானே கிழவர் என்று ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. வெளியூர்க்காரன், வெள்ளைக்காரன் யாராவது துப்பறிய வந்திருந்தால் முதலில் அவரைத்தான் பிடித்திருப்பான். எங்களுக்கு அது முடியாது. மருமகளின் அடுப்படிக்குள் மாமனார் போவதாவது? அப்படி நினைப்பதே அசிங்கம். நாங்கள் வளர்ந்த வளர்ப்பு எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது.

மிச்சத்தைத் தேடிப் போனோம். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பு. ஒரு மரத்தடியில் மண் பொதுபொதுவென்று இருந்தது. நான் குடையால் கிளறினேன். வாழையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிரித்தால் தலையில்லாத கோழி, நெஞ்சு குடைந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு பொட்டலம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே திசையில், வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிடி கேழ்வரகு மாவு போட்டிருந்தது.

“திருட்டை மறைக்கிறவன் காட்டுல வீசுவான். இது அடக்கம் பண்ணியிருக்குடா” என்றார் அண்ணன். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“மூடுங்க தம்பிகளா” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

முகாபானே நின்றுகொண்டிருந்தார், கையில் மண்வெட்டி. கோபமில்லை. களைப்புதான் இருந்தது. நாங்கள் எடுத்ததை அவரே குனிந்து திரும்ப இலையில் சுற்றி, மண்ணைப் போட்டு, காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் தட்டினார். அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

“ஐயா, நீங்களா அந்த அடுப்படிக்குள்ள...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், சுற்றி வளைக்காமல். அந்தப் புள்ளிக்காரன் அவர்கள் குலத்துக்கு மூத்தவன். அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, பேர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. அது வந்து சாப்பிட்டுப் போனால் மிச்சத்தைப் பெண்கள் கண்ணில் படாமல் வீட்டு மூத்தவன் விடிவதற்குள் அடக்கம் செய்ய வேண்டும். அந்தக் குலத்தில் விருத்தசேதனச் சடங்கு முடிந்து ஆளான ஆண்களுக்கு மட்டும் சொல்லப்படுகிற விஷயம் இது. மருமகள் கண்ணில் பட்டால் கோழி வீணாகிறதே என்று குழம்பில் போட்டுவிடுவாள். அதனால் ஒரு விலக்கைக் காப்பாற்ற இன்னொரு விலக்கை மீறி, கீலைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

“புகை போற சந்துக்கு நான் கம்பி வலை வச்சு அடைச்சுத் தர்றேன் ஐயா” என்றேன். “அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். வழியை மட்டும் அடைச்சிடலாம். அரை மணி நேர வேலை.”

“என் தம்பி ஒண்ணைத் தடியால அடிச்சான்” என்றார் முகாபானே. “அவன் வீட்டு முற்றத்துல இப்போ புல்லு மண்டிக் கிடக்கு. ஆள் கிடையாது. வழியை அடைச்சா அது வேற வழியா வரும் தம்பி. கோழிக்காக வராது.”

அவர் நம்பினார். நான் நம்பவில்லை, ஆனால் அவரோடு வாதாட எனக்குத் தைரியமும் இல்லை. அண்ணன் கேட்டது வேறு. மத்தியானம் கூடப்போகிற பெரியவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

“எல்லாருக்கும் தெரியும். கோழி போனா ஊரு கேக்கும். ஒரு பேர் சொல்லணும். அதோட பேரைச் சொல்ல முடியாது. வேற யார் பேராவது வேணும்ல?”

“ஒரு பாவமும் அறியாத பொண்ணோட பேரா?”

கிழவர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டார். “எங்க அம்மா காலத்துல இந்த வீட்டுல ரோடாதான் திருடி. புதுசா வந்த பொண்ணு. ஒப்புக்கிட்டா, விட்டுட்டாங்க. அவளுக்கு இன்னிவரைக்கும் எதுவும் தெரியாது. திருடியாவே என்கூட வாழ்ந்து கிழவியாயிட்டா.”

ரோடாவின் அந்தப் பார்வை இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. செய்யாத திருட்டுக்குத் தலைகுனிந்தவள், தன் வீட்டில் ஒரு திருடி வந்துவிட்டாள் என்று நம்பி எரிந்துகொண்டிருக்கிறாள். அவளை மனசுக்குள் திட்டியதற்காக வெட்கப்பட்டேன்.

அண்ணனிடம் எல்லா சாட்சியமும் இருந்தது. முடி, கரி, கீல், கோழிப் பிணம், ஒப்புதல் வாக்குமூலம்கூட. அவர் போலீஸ் வேலையில் ஒரு நாளும் இவ்வளவு முழுசாக ஒரு கேஸ் முடித்திருக்க மாட்டார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கடேன்யியை உட்கார வைத்து நடந்தது முழுவதையும் சொன்னார். ஆண்கள் ரகசியம், அந்த ரகசியம், இந்த ரகசியம் என்று எதையும் அவர் பார்க்கவில்லை. சபையில் மிருகத்தின் பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பேர் சொல்ல ஆள் கூட்டி வந்தவள் அன்றைக்கே வெளியேற வேண்டும், குழந்தை இங்கேயே இருக்கும். அவளாகவே திருடி என்று ஒப்புக்கொண்டால் அனுப்ப மாட்டார்கள், ஒரு கோழி அறுத்துச் சமைத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டால் போதும்.

“ரெண்டு பேரும் என் வண்டியில ஏறுங்க, போயிடலாம்” என்றேன் நான்.

“எங்க அம்மா வீட்டுக்கு வழி அவங்களுக்குத் தெரியும்ணே, வந்து இவளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றாள் கடேன்யி. அண்ணனைப் பார்த்தாள். “திருடின்னு ஒத்துக்கிட்டா இவ என்கூட இருப்பாளா?”

“இருப்பா.”

“அப்ப நான் திருடி.”

முஹோன்ஜா தூங்கிப்போயிருந்தாள். கடேன்யி அவளை முதுகிலிருந்து அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்துவிட்டாள். அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

சபை முற்றத்து வெண்ணெய்ப்பழ மரத்தடியில் கூடியது. பெரியவர்கள் முக்காலிகளில், பெண்கள் தள்ளித் தரையில். கடேன்யி நடுவில் மண்டியிட்டு, பசியில் புத்தி கெட்டுக் கோழிகளைத் தானே அறுத்துத் தின்றதாகச் சொன்னாள். இறகை அடுப்பில் எரித்தேன் என்றாள். அந்தப் பொய் அவ்வளவு சரளமாக வந்தது. பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகாபானே கைத்தடியின் நுனியால் மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கோழியை அவளே அறுத்து, அவளே சமைத்து, களியோடு கொண்டு வந்து வைத்தாள். எங்கள் பக்கத்தில் கோழியின் கல்லீரலுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன இரைப்பை யாருக்குப் போகிறதோ அவர்தான் பந்தியில் பெரிய மனிதர். வீட்டுத் தலைவரைத் தாண்டி அது யாருக்கும் போகாது. மூத்த பெரியவர் அதை எடுத்து ஷிவாச்சி அண்ணன் தட்டில் வைத்தார். இவர் வந்ததால்தான் திருடியின் வாயிலிருந்து உண்மை வந்தது என்றார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அப்போது ரோடா எழுந்து வந்தாள். மருமகளின் கழுத்திலிருந்த கயிற்றை வெடுக்கென்று இழுத்துச் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சாவி என்கிட்டயே இருக்கட்டும் அத்தை” என்றாள் கடேன்யி. “உங்க காலைப் பிடிக்கிறேன்.”

கூட்டம் சிரித்தது. திருடி சாவி கேட்கிறாளாம். எனக்கும் சட்டென்று புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. மரநாய் நாளைக்கோ மறுநாளோ வரத்தான் போகிறது. அப்போது பூட்டு பூட்டியபடி இருக்கும், சாவி மாமியார் இடுப்பில் இருக்கும், கோழி ஒன்று குறையும். பூட்டிய கதவு வழியாகப் போய் வருகிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் திருடி என்று பேர் கிடையாது. சூனியக்காரி என்றுதான் பேர். அந்தப் பேர் வந்தவளுக்கு மன்னிப்புக் கோழி கிடையாது, கல்லும் தீயும்தான்.

அண்ணன் பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். கடேன்யி அவரைப் பார்த்து, இல்லை என்று மிக லேசாகத் தலையசைத்தாள். ரோடா குழந்தையைத் தூக்கி வந்து அவள் மடியில் உட்கார வைத்திருந்தாள். அந்த மட்டுக்குக் கடேன்யி கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணன் உட்கார்ந்தார். சாப்பிடாவிட்டால் அவமரியாதை என்று பக்கத்துப் பெரியவர் நினைவூட்டினார். அண்ணன் அந்த இரைப்பையை வாயில் போட்டு மென்றார். எவ்வளவு நேரம் மென்றார் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பும் முன் அவர் முகாபானேயைத் தனியாகப் பிடித்துச் சாவி விஷயத்தைச் சொன்னார். ரோடாவிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் எந்த வாயால் சொல்வது என்று கேட்டுவிட்டுக் கிழவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

அந்த வாரம் எங்களுக்கு நல்ல பேர். திருடியை ஒரே நாளில் பிடித்தவர் என்று சந்தையில் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் கோழிக் கேஸோடு வந்தார்கள். அண்ணன் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில், மில் ஓடத் தொடங்கிய நேரத்தில், போன் வந்தது. மில் சத்தத்தில் கேட்காது என்று அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். கடேன்யி. குரல் அமைதியாக இருந்தது, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

“நேத்தும் ஒண்ணு போச்சுண்ணே. முந்தா நாளும் போச்சு.”

“என்னம்மா சொல்றாங்க?”

“இப்போ யாரும் என்னைத் திருடின்னு சொல்றதில்லேண்ணே.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை எங்கே என்று கேட்டார். ரோடா அவளைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் சாம்பல் கோடு போட்டிருக்கிறாளாம். ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க விடுவதில்லையாம். பெரியவர்கள் வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை, பக்கத்து வீட்டு வாலிபர்கள்தான் பாதையில் வந்து நிற்கிறார்கள் என்றாள். அவ்வளவோடு போன் அடங்கிவிட்டது. திருப்பிப் போட்டால் எடுக்கவில்லை.

“வண்டியை எடுடா” என்றார்.

“போய் என்னண்ணே பண்றது? நாம ரெண்டு பேர், கையில ஒரு குடை.”

அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் பைக் காலை நேரத்தில் பத்து உதை உதைத்தாலும் கிளம்பாத சனியன். அன்றைக்கும் கிளம்பாமல் இருந்தால் போகாததற்கு ஒரு காரணமாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.